படகில் இருந்த தலையணை

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நேற்று நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன், பிறகு இருவரும் மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்போம். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வெட்டிவிட முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

உனக்கு யார் என்ன சொன்னார்களோ தெரியாது. நடந்தது இதுதான். சபைகளுக்கு இடையே வேத வினாடி வினா வைத்தார்கள். எங்கள் ஞாயிறு பள்ளியிலிருந்து என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் போனார்கள், அதில் உன் மகள் வாலுவும் ஒருத்தி. கடைசிச் சுற்றுவரை ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். நடுவர் நம் கணக்கு சார். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இல்லாமல் வெளியே வராத மனுஷன். புயல் அடங்கிய பிறகு இயேசு படகில் இருந்தவர்களிடம் என்ன சொன்னார் என்று அவர் கேட்டார். வாலு முந்திக்கொண்டு கை தூக்கினாள்.

"தலையணை நனைஞ்சிடுச்சு, ஆனா நல்லா தூங்கினேன்னு கரையில இருக்கிற பொண்ணுகிட்ட சொல்லச் சொன்னாரு."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. "எந்தப் பொண்ணும்மா?" என்றார் சார்.

"தலையணை தைச்சுக் கொடுத்த பொண்ணு. படகுக்காரரோட மக."

அப்போதுதான் கூடமே சிரித்தது. உன் மகள் விடவில்லை. "இருக்கு சார். நீங்க சரியாப் படிக்கல" என்றாள். அவர் கோபப்படவில்லை, அதுதான் வினை. மேடையிலிருந்து இறங்கி வந்து வேதத்தைக் கையில் கொடுத்து, அந்த அதிகாரத்தை மைக்கில் வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். தலையணை என்ற சொல் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு கடைசி வசனம்வரை வாசித்து, மூடி, இரண்டு கையாலும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள். "சித்தி, இதுல எது வேதம், எது நீ?"

"தலையணை வேதம். பொண்ணு நான்."

"அந்தப் பொண்ணு மட்டும்தானா?"

இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. விசுவாசம் சொல்லிச் சபையில் முழுசாகச் சேர்கிற திடப்படுத்தலுக்குப் பேர் கொடுக்க மாட்டேன் என்று நேற்றுக் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள். நீ போனில் கத்தினது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

தங்கை

பிப்ரவரி 14

தங்கைக்கு,

முழுக்கப் படித்தேன், இரண்டு தரம். கோபம் தணியவில்லை, ஆனால் கத்த மாட்டேன்.

போன வாரம் இங்கே ஒரு சங்கதி. எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு வயதான நோயாளிக்குச் சீட்டில் எழுதாத சத்து மாத்திரை ஒரு அட்டையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டான். ஏன் என்று கேட்டேன். "பாவமா இருந்தாரு மேடம், கூட இருக்கட்டும்னு" என்றான். நல்ல மனசோடுதான் கொடுத்தான். ஆளை அனுப்பி அந்த அட்டையைத் திருப்பி வாங்கி வரச் சொன்னேன். உன் கடிதம் வந்தபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வந்தது.

நீ கதை சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். அதை வேதத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டு, தையல் தெரியாமல் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாய் என்று தெரியாது. அவள் உன்னை நம்பி ஊர் முன்னால் எழுந்து நின்றாள். அப்போது நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று உன் கடிதத்தில் இல்லை.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவளை உட்கார வைத்து, இதுவரை நீ சேர்த்துச் சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடு. கணக்கு சார் போய்ச் சொல்வதற்கு முன்னால் நீயே ஆயரிடம் போய்ச் சொல். சொல்லிவிட்டு எனக்கு எழுது. எதற்காக அந்தத் தலையணை என்றும் எழுது. சொல்ல எவ்வளவோ இருக்க, அது ஏன்?

திடப்படுத்தல் மே மாதம். நான் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் அப்பா கடைசிப் படுக்கையில் இருந்தபோது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவள் அந்தப் பலிபீடத்தின் முன்னால் முழங்கால் போடும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். வேறு எதையும் அவருக்காக என்னால் செய்ய முடியவில்லை. இதையும் விட்டுக்கொடுக்க முடியாது.

அக்கா

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

நீ சொன்னபடி செய்தாயிற்று. சாயங்காலம் என் தையல் கடையில் வாடிக்கையாளர் வராத நேரமாகப் பார்த்து, துணி வெட்டும் மேஜைமேல் வேதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் வகுப்பில் சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், எங்கே சந்தேகமோ அங்கே அவள் கை தூக்குவாள். அவள் வைத்த சட்டம் அது. அவள் அப்பா மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது என்ன தெரியுமா? தப்புத் தப்பாகக் கை தூக்கினாள். மீன் வாயில் காசு இருந்தது என்றேன். "இது நீ." இல்லடி, வேதம். தோட்டத்தில் பிடிக்க வந்தபோது ஒரு வாலிபன் போர்த்தியிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினான் என்றேன். "இது கண்டிப்பா நீதான். துணி வந்தாலே நீதான்." அதுவும் வேதம், எடுத்துக் காட்டினேன். ஜன்னலில் உட்கார்ந்து தூங்கிக் கீழே விழுந்த பையன், நீண்ட பிரசங்கத்தால் விழுந்தவன், அவனும் இருக்கிறான். நான் சேர்த்ததெல்லாம் உப்புச்சப்பில்லாத விஷயங்கள். ஒருவன் கால் வலிக்கிறது என்றான், ஒருத்தி கதவைத் தாழ் போட மறந்தாள். அவற்றுக்கு அவள் கையே தூக்கவில்லை.

கொஞ்சம் சிரித்தாள்கூட. சரி, வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள். "அப்போ இத எழுதினவங்களுக்கும் ஒரு சித்தி இருந்திருக்கலாம்ல?"

அது அப்படி இல்லை என்றேன். எப்படி என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், அது அவளுக்குப் போதவில்லை. இப்போதெல்லாம் படுக்கப் போகுமுன் ஜெபம் பண்ணுவதில்லை. நான் கண்ணை மூடும்போது அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், தொந்தரவு பண்ணுவதில்லை. சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை அக்கா.

ஆயரிடமும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், "கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கம்மா" என்றார். என் வகுப்பை இப்போது ஆடிட்டர் அம்மா எடுக்கிறார். பாடப் புத்தகத்தைத் திறந்து வாசிக்கிறார், கேள்வி கேட்கிறார், மூடுகிறார். பிள்ளைகள் கப்சிப்பென்று இருக்கிறார்களாம், எல்லாருக்கும் திருப்தி. எனக்கு வயிறு எரிகிறது. நான் அதை மறைக்கப் போவதில்லை.

தலையணை ஏன் என்று கேட்டாய். நீ உன் மகளை என்னிடம் விட்டுவிட்டு அங்கே வேலைக்குப் போன புதிதில் அவள் படுக்கவே மாட்டாள். உட்கார்ந்தபடியே தூங்கி விழுவாள், படுக்க வைத்தால் எழுந்துவிடுவாள். இயேசு தூங்குவாரா என்று ஒரு நாள் கேட்டாள். தூங்கினார், படகில், தலையணை வைத்துக்கொண்டு என்றேன். அது யாருடைய தலையணை என்றாள். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும், உன் கணக்குப்படி. நான் தையல்காரி, என் கண்ணுக்கு அதைத் தைத்தவள்தான் தெரிந்தாள். வீட்டில் மிஞ்சின துண்டுத்துணியை அடைத்துத் தைத்தாள், ஒரு மூலை கோணலாகப் போய்விட்டது என்றேன். புயல் அடித்தபோது அவள் கரையில் நின்றாள் என்றேன். புயல் அடங்கியதும், நல்லா தூங்கினேன் என்று அவளிடம் சொல்லச் சொன்னார் என்றேன். உன் மகள் படுத்தாள். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

நீ போனில் பரீட்சையில் என்ன மார்க்கு, தலைக்கு எண்ணெய் வைத்தாளா என்று கேட்பாய். நான் இருந்த இடத்தில் நீ இருந்ததில்லை. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

தங்கை

மார்ச் 12

தங்கைக்கு,

எழுதினது நல்லது. மனசுக்குள் வைத்துக்கொண்டு உபசாரமாகப் பேசினால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு போனில் பேசினேன். மார்க்கு கேட்கவில்லை, எண்ணெயும் கேட்கவில்லை. அவை இரண்டையும் விட்டால் எனக்கு வேறு கேட்கத் தெரியாது. பிறகு அவளே கேட்டாள். "அம்மா, நீ நம்புறியா?"

நம்புகிறேன் என்றேன். எதை என்றாள். திடப்படுத்தல் வகுப்பில் நான் மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்தேன், ஒரு வார்த்தை பிசகவில்லை. கேட்டுவிட்டு, "அது புஸ்தகத்துல இருக்கும்மா, நீ சொல்லு" என்றாள். கவுண்டரில் ஆள் வந்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒருத்தரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கே ஈ காக்கை இருக்காது.

அதற்குப் பிறகு அந்த அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். சின்னப் பிள்ளையிலிருந்து அதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பேன், நானே சபையில் நின்று வாசித்திருக்கிறேன். அதில் ஒரு தலையணை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. நீ ஏதோ இட்டுக்கட்டினாய், தலையணையும் உன்னுடையதுதான் என்று முதல் நாள் போனில் நினைத்தேன். என் மகளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இதனால் நீ செய்தது சரியாகிவிடாது. நீ சேர்த்தது எனக்கு இப்போது பெரிய குறையாகப் படவில்லை. சேர்த்ததைச் சொல்லாமல் விட்டதுதான் குறை. இங்கே நாங்கள் கைப்பட ஒரு மருந்து கலந்தால் பாட்டிலின் மேல் தனியாக ஒரு சீட்டு ஒட்டுவோம், இன்னார் கலந்தது, இன்ன தேதி என்று. அதற்குமேல் நோயாளி தைரியமாகக் குடிக்கலாம். இது வேதத்தில் இல்லை, நான் சொல்வது என்று ஒரு வரி முதலிலேயே சொல்லியிருந்தால் அவள் மைக் முன்னால் நின்றிருக்க மாட்டாள். இனிமேல் அப்படிச் சொல். ஆயர் மறுபடி வகுப்பைக் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும்.

அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவளிடம் சொல்லாதே.

அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

சொல்லவில்லை. ஆனால் உன் பொண்ணுக்குக் காது நீளம், எனக்குச் சொல்லத் தேவையும் இல்லை. "அம்மா அன்னிக்கு யாரும் வராமலே ஆள் வந்துட்டாங்கன்னு வெச்சுட்டா" என்று அவளே சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

போன ஞாயிறு அவளாகவே வகுப்புக்குப் போனாள். ஆடிட்டர் அம்மா எதைப் பற்றி வாசித்தாரோ தெரியாது, இவள் எழுந்து, படகில் இருந்த தலையணை யாருடையது என்று கேட்டிருக்கிறாள். "அது நமக்குத் தேவையில்லம்மா" என்று பதில் வந்தது. "தேவையில்லாதத எதுக்கு எழுதி வெச்சாங்க?" என்று திருப்பிக் கேட்டாளாம். "யாரோ ஒருத்தங்க தைச்சிருக்கணும்ல, தானா வராதுல்ல?" ஆடிட்டர் அம்மா சர்ச் வாசலில் என்னைப் பார்த்து, எல்லாம் உங்க வளர்ப்பு என்றார். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்தாள். நான் ஒரு கால்சட்டைக்கு அடிமடிப்பு தைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இது வேதத்துல இல்ல, நான் சொல்றது" என்று ஆரம்பித்தாள். உன் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை, அந்த வரியை மட்டும் முதலில் சொல்லச் சொன்னாய் என்று சொல்லியிருந்தேன்.

அவள் சொன்ன கதை இது. படகுக்காரர் மகள் தலையணை தைத்துக் கொடுத்தாள். புயல் வந்தது, அடங்கியது. படகு அக்கரைக்குப் போயிற்று. அங்கே அவருக்கு வேலை இருந்தது, நோயாளிகள் இருந்தார்கள், பிறகு வேறு ஊர், வேறு ஆட்கள். தலையணை படகின் அடியில் கிடந்து ஊறி நாற்றமெடுத்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அதனால்தான் வேதத்தில் அதற்குமேல் ஒரு வரியும் இல்லை. படகு ஒரு நாள் காலியாகத் திரும்பி வந்தது. அந்தப் பெண் நனைந்த தலையணையை எடுத்துக்கொண்டு கரையில் நிற்கிறாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் அம்மா சொல்லட்டும்."

"நான் சொல்றேனே."

"வேண்டாம். உனக்கு இதெல்லாம் கை வந்த கலை, எப்படியாவது ஒப்பேத்திடுவ. அம்மாவுக்கு வராது. அம்மா சொன்னா அது நிஜமா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சிடும்." பிறகு பையைத் தூக்கிக்கொண்டு, "அதக் கேட்டுட்டுதான் பேர் கொடுக்கிறதா வேண்டாமான்னு பார்ப்பேன்" என்றாள்.

பேர் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் கடைசி ஞாயிறு. நான் எழுதிக் கொடுத்து நீ பார்த்து அனுப்பலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவள் கண்டுபிடித்துவிடுவாள். துணி கிழிந்தால் என் வேலை, இது உன்னுடையது.

தங்கை

ஏப்ரல் 11

தங்கைக்கு,

எத்தனை தாள் கிழித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். மருந்தக அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைத் திருத்தாமல், உன் குரலில் ஏற்றி இறக்காமல் அவளுக்கு வாசித்துக் காட்டு. கீழே இருப்பது அவளுக்கு.

இது வேதத்தில் இல்லை. நான், உன் அம்மா, சொல்வது.

அந்தப் பெண் தலையணையோடு கரையில் நின்றாள். அவர் வந்தார். வந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியாது. ஏன் இத்தனை நாள் என்று அவள் கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்று எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அவர் வாயில் வார்த்தை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. சித்திக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. அதனால் இந்தக் கதையில் அவர் பேச மாட்டார்.

அவர் அவள் கையிலிருந்து தலையணையை வாங்கினார். தரையில் உட்கார்ந்தார். ஒரு பக்கத் தையலை மட்டும் பிரித்தார், துணி கிழியாமல். உள்ளே இருந்த துண்டுத்துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்தார். உதறிக் கல்லின்மேல் விரித்தார். காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் சின்னக் கல் வைத்தார். அந்தப் பெண் கோபமாகவே நின்றுகொண்டிருந்தாள், உதவி செய்யவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

ஆட்கள் தேடி வந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றார்கள், ஒருவர் வெகு தூரத்திலிருந்து வந்து காத்திருக்கிறார் என்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. இந்த இடத்தில்தான் தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். நோயாளிகள் காத்திருக்கும்போது ஒருவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுத என் கை வரவில்லை. என் கவுண்டரில் வரிசை நிற்கும்போது நான் ஒரு நாளும் எழுந்ததில்லை. நீ காய்ச்சலாகப் படுத்திருக்கிறாய் என்று சித்தி போன் பண்ணின அன்றைக்கும் எழுந்திருக்கவில்லை. அதற்காக எனக்கு இப்போது அழுகை வருகிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியது. துணியைத் திருப்பிப் போட்டார். வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணும் ஒரு நேரத்தில் கால் வலித்து உட்கார்ந்தாள். துணி காய்ந்ததா, பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவர் அங்கே உட்கார்ந்திருப்பதுவரைதான் தெரிகிறது. நான் நம்புகிறேனா என்று கேட்டாயே. அவர் அப்படி உட்காரக்கூடியவர் என்று நம்புகிறேன். அதற்குமேல் மனப்பாடம் செய்ததுதான் இருக்கிறது, அதில் பாதியை நான் யோசித்ததே இல்லை.

அம்மா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

ஏற்றி இறக்காமல் வாசித்தேன். மருந்துச் சீட்டை வாசிக்கிற மாதிரி வாசித்தேன். நடுவில் அவள் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

முடிந்ததும், "அம்மாவுக்குக் கதை சொல்லவே வரல" என்றாள். கடிதத்தை வாங்கி, உதட்டை அசைத்துக்கொண்டு தானே ஒரு முறை படித்தாள். அடுத்த நாள் ஆயரிடம் தனியாகப் போயிருக்கிறாள். ஆயரே கடை வழியாக வந்தபோது சொன்னார். தனக்கு எல்லாவற்றிலும் நம்பிக்கை வரவில்லை, சில இடங்களில் வருகிறது, அதை வைத்துக்கொண்டு வரலாமா என்று கேட்டாளாம். வா என்று சொன்னாராம். பிறகு என்னைப் பார்த்து, ஜூன் மாதத்திலிருந்து வகுப்பை நீங்களே எடுங்கள், கதையில் எதையாவது சேர்த்தால் உங்களுடையது என்று சொல்லிவிட்டுச் சேருங்கள் என்றார். சரி என்றேன்.

நேற்று சாயங்காலம் வெள்ளை உடைக்குத் துணி வாங்கி வந்து விரித்துக்கொண்டிருந்தேன். அவளாகவே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைமேல் ஏறி, கையை விரித்துக்கொண்டு நின்றாள். போன தடவையைவிட நன்றாக வளர்ந்திருக்கிறாள், நீ நினைக்கிற அளவு இனிமேல் சரிவராது. தோளை அளந்து முடித்து இடுப்பில் டேப்பைச் சுற்றும்போது கேட்டாள்.

"சித்தி, அம்மாவுக்கு லீவு எத்தனை நாள்?"

ஒரு வாரம், பத்து நாள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. தெரியாதுடி, அம்மாவைத்தான் கேட்கணும் என்றேன். கையை விரித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

நீயே எழுது.

தங்கை